உங்களுக்குத் தெரியுமா? கோயாவின் கொடியில் மறைந்த சொல்

கார்னிவல் கொண்டாட்டம் முடிந்து தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று, மாட்ரிட் மக்கள் வேடமணிந்து ஊர்வலமாகப் போய் ஒரு மத்தி மீனை அடக்கம் செய்வார்கள். ஸ்பானிய ஓவியர் பிரான்சிஸ்கோ கோயா (1746-1828) இதை முதலில் பேனாவாலும் பழுப்பு மையாலும் காகிதத்தில் வரைந்து பார்த்தார். அந்தக் கோட்டோவியம் இன்று பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதில் கன்னியர், துறவியர் உடையில் ஆட்கள் ஆடுகிறார்கள். கோடுகளில் அவசரம் தெரிகிறது. உருவங்களுக்குத் தெளிவான எல்லை இல்லை. கூட்டத்தில் ஒருவர் முடிந்து அடுத்தவர் எங்கே தொடங்குகிறார் என்று கண் தடுமாறும். ஆட்டத்தின் வேகமே அந்தத் தடுமாற்றத்தில்தான் இருக்கிறது. பின்னர் அவர் வண்ணத்தில் தீட்டிய ஓவியத்தைவிட இந்தக் கோட்டோவியமே எனக்கு உயிரோட்டமாகப் படுகிறது.

தலைகளுக்கு மேலே ஒரு கொடி. அதில் 'மோர்ட்டுஸ்' என்று எழுதியிருக்கிறது. செத்துப்போனது என்று பொருள். பின்னர் மரப்பலகையில் எண்ணெய் வண்ணத்தில் தீட்டியபோதும் கோயா இந்தச் சொல்லை எழுதியிருந்தார். பிறகு அதன்மேல் வண்ணம் பூசி மறைத்துவிட்டார். எக்ஸ்-கதிர் ஆய்வில்தான் அது வெளிப்பட்டது. வண்ண ஓவியத்தில் கன்னியர், துறவியர் ஆட்டமும் மறைந்து, வெள்ளுடைப் பெண்கள் நடுவே வந்தார்கள். கொடியில் இப்போது ஒரு பெரிய முகம் பல்லிளிக்கிறது. ஸ்பெயினில் 1814-இல் மதவிசாரணை மன்றம் மீண்டும் உயிர்பெற்றது. மதத்தைச் சீண்டும் படம் ஆபத்தாக இருந்த காலம் அது; இந்த மாற்றங்களுக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

'மத்தியின் அடக்கம்' என்ற அந்த ஓவியம் மாட்ரிட் சான் பெர்னாண்டோ கலைக்கழகத்தில் இருக்கிறது. மத்தி மீனை மட்டும் அதில் எங்கும் காண முடியாது.