வண்ணத்துக்கு அடியில் இருக்கும் உப்பு

நாலு அங்குல ஃபோம் ரோலர்கள், சிந்தெடிக் எனாமல் மூன்று லிட்டர், ஒரு கேன் டர்பன்டைன், கட்டுக் கட்டாக வாட்டர் பேப்பர். ஒரு சிறிய காருக்கு வீட்டு வாசலிலேயே புது வண்ணம் பூச இவ்வளவு போதும். பட்டறையில் விட்டால் பல பத்தாயிரம் கேட்கும் வேலை, சில ஆயிரங்களில் முடிந்துவிடும். ஸ்ப்ரே கன் வேண்டாம், கம்ப்ரஸர் வேண்டாம். பழைய கார் வைத்திருக்கும் குடும்பங்களில் இந்தப் பேச்சு இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. விழுப்புரம் மாவட்டக் கடற்கரை ஊரான மரக்காணத்தில் இதைச் செய்யலாமா என்று கேட்டால், தாராளமாகச் செய்யலாம். ஆனால் இந்தக் கரையில் பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். அந்தப் பாதியைத்தான் யாரும் சொல்வதில்லை.

முதலில் ரோலர் வேலை. எனாமலை டப்பாவில் இருக்கிற கெட்டியிலேயே உருட்டினால் ஆரஞ்சுத் தோல் மாதிரிப் புள்ளி புள்ளியாக நிற்கும். டர்பன்டைன் கலந்து நன்றாக நீர்க்க வைக்க வேண்டும். முதல் இரண்டு கோட்டில் பழைய நிறம் தெரியத்தான் செய்யும். பயந்துபோய்க் கெட்டியாக அடித்துவிடக் கூடாது. ஐந்தாறு மெல்லிய கோட்டில்தான் நிறம் மூடும். ரோலரை அழுத்தாமல் உருட்டி, குமிழிகள் எழுந்ததும் அதே ரோலரைக் கிட்டத்தட்ட எடையே இல்லாமல் ஒரே திசையில் இழுத்துவிட்டால் அவை உடைந்து அடங்கும். இரண்டு கோட்டுக்கு ஒருமுறை 600, 800 நம்பர் வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். கடைசிக் கோட்டை சில வாரம் காயவிட்டு 1500, 2000 நம்பரில் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்ட் போட்டால் பளபளப்பு வரும். என்.சி. தின்னரைக் கலக்கக் கூடாது. ஃபோமையே அது தின்றுவிடும், எனாமலும் சுருங்கிப் போகும். மெட்டாலிக் நிறங்கள் இந்த முறைக்கு ஒத்து வராது. உருட்டும்போது அதிலுள்ள மினுக்குத் துகள்கள் திட்டுத் திட்டாக ஒதுங்கிவிடும். வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள் போன்ற வெற்று நிறங்கள்தான் சரி.

எனாமல் காருக்கான பெயின்டே அல்ல, நம் வெயிலில் சீக்கிரம் வெளிறிவிடும் என்பார்கள் பட்டறைக்காரர்கள். அது உண்மைதான். ஆனால் பட்டறையில் அடிக்கும் டூ-பேக் பெயின்ட்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அதன் புகை மூச்சுக்குழலைக் கெடுத்து ஆஸ்துமாவில் கொண்டுபோய் விடக்கூடியது. வீட்டு வாசலில், குழந்தைகள் நடமாடும் இடத்தில் அதை ஸ்ப்ரே செய்வதைவிட எனாமலை உருட்டுவது எவ்வளவோ மேல். எனாமலுக்கும் காற்றோட்டமும் கையுறையும் வேண்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது. தேய்த்த கழிவையும் மிச்ச டர்பன்டைனையும் வாய்க்காலில் கொட்டாதீர்கள். 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவேலி இந்தக் கரையை ஒட்டித்தான் இருக்கிறது.

கையால் பெயின்ட் அடிப்பது கடற்கரைக்குப் புதிதல்ல. கூனிமேடு, அனுமந்தைப் பக்கத்துக் குப்பங்களில் ஃபைபர் படகுக்குக் கையால்தான் வண்ணம் பூசுகிறார்கள். மேல்நாடுகளில் பாய்மரப் படகு வைத்திருப்பவர்களும் ரோலரால் உருட்டி, பிரஷ் நுனியால் இழுத்துச் சமன்செய்யும் முறையை வெகுகாலமாகக் கையாளுகிறார்கள். ரோலர் காருக்கு வந்ததே அந்த வழியில்தான் என்று தோன்றுகிறது. படகைப் பார்த்துக் காருக்குச் செய்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஃபைபர் துருப்பிடிக்காது. கார் இரும்புத் தகடு.

பனிநாடுகளில் குளிர்காலத்தில் சாலையில் உறைந்த பனியை உருக்க உப்பைத் தூவுவார்கள். அங்கே கார்களின் அடிப்பாகம் அரித்துப் போவதற்கு அதுவே பெரிய காரணம். மரக்காணத்தில் யாரும் தூவ வேண்டியதில்லை. அலை உடையும் இடத்தில் தெறிக்கும் நுண்துளிகளைக் கடல்காற்று ஊருக்குள் கொண்டுவருகிறது. கரையிலிருந்து தள்ளிப் போகப் போகத்தான் அது சட்டென்று குறையும். மேற்கே திரும்பினால் மூவாயிரம் ஏக்கருக்கு மேல் உப்பளம். சாலையோரம் கீற்று வேய்ந்து குவித்த உப்பு, மூட்டை ஏற்றும் லாரி, அந்த லாரி சொட்டிக்கொண்டே போகும் ஈரம். இந்த ஊர்க் கார் நாலு பக்கத்திலிருந்தும் உப்பை வாங்கிக்கொள்கிறது.

வெறும் சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டுக்கு மேல் போனால் தானாகவே நீர்விட்டுக் கரையும். கடல் உப்போடு ஒட்டிவரும் மக்னீசியம் குளோரைடுக்கு அவ்வளவு ஈரம்கூட வேண்டாம். 33 விழுக்காட்டிலேயே ஈரம் இழுக்கும். உப்பு வாரிய பிறகு பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீரில் இருப்பது இதுதான். அந்த நீர் முழுசாகக் காய மறுப்பது உப்பளத் தொழிலாளி எல்லாருக்கும் தெரிந்த விஷயம். இப்படி உப்பு படிந்த தகட்டின் மேல், கடற்கரை ஊரில் ஏறத்தாழ நாள் முழுக்க கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் நிற்கிறது. துருவுக்கு அந்த ஈரமும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் போதும்.

குளோரைடு இரும்பை அரித்த பிறகு தீர்ந்துபோவதும் இல்லை. அரிப்பில் சேர்ந்து, மறுபடி விடுபட்டு, அடுத்த துளி இரும்பைப் பிடிக்கிறது. துருக்குழியின் அடியில் இருக்கும் சிட்டிகைக்கும் குறைவான உப்பு, மேலே எத்தனை கோட் பெயின்ட் இருந்தாலும் வேலையை நிறுத்தாது. பெயின்ட்டின் ஊடாக நீராவியை உள்ளே இழுத்துக் கொப்புளம் கிளப்பும். ரோலரில் அடித்த கார் ஒரே மழைக்காலத்தில் குமிழ் விட்டால் குற்றம் ரோலருடையது அல்ல, அடியில் விட்டுவைத்த உப்புடையது.

வாட்டர் பேப்பரில் தேய்த்துவிட்டேனே என்று கேட்பவர்கள் உண்டு. தேய்ப்பதால் துரு போகும். குழிக்குள் இருக்கும் உப்பு போகாது, இன்னும் பரவலாம். உப்பைக் கழுவித்தான் எடுக்க வேண்டும். இங்கே இன்னொரு சிக்கல் வருகிறது. கடலோரத்தில் பல வீடுகளில் போர்வெல் தண்ணீரே உப்புக் கரிக்கிறது. அந்தத் தண்ணீரில் காரைக் கழுவுவதும் அதை வைத்து வாட்டர் பேப்பர் தேய்ப்பதும் உப்பை மறுபடி ஏற்றுவதுதான். முதல் கழுவலுக்கு எந்தத் தண்ணீரானாலும் போகட்டும். கடைசிக் கழுவலுக்குக் கேன் தண்ணீரோ பிடித்துவைத்த மழைத்தண்ணீரோ வேண்டும். பெயின்ட்டுக்கு மூவாயிரம் செலவழிப்பவர் பத்துக் கேன் தண்ணீருக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது.

சோதித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. துருவைச் சுரண்டி, கழுவி, துடைத்து, வெற்றுத் தகட்டை ஓர் இரவு நிழலில் விட்டுவையுங்கள். காலையில் குழிகளில் மட்டும் கரும்புள்ளியோ புதுச் செம்புள்ளியோ எழுந்திருந்தால் உப்பு இன்னும் அங்கே இருக்கிறது. மறுபடி பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். புள்ளி எழாத பிறகுதான் பாஸ்பாரிக் அமிலம் கலந்த ரஸ்ட் கன்வெர்ட்டர், அது காய்ந்ததும் எபாக்ஸி பிரைமர். ரெட் ஆக்சைடு மட்டும் போதும் என்பது உள்நாட்டு ஊர்களுக்குச் சரியாக இருக்கலாம். இந்தக் கரைக்குப் போதாது. பள்ளம் நிரப்பும் பட்டியை ஒருபோதும் துருவின் மேல் நேராக வைக்காதீர்கள், அது ஈரத்தை உறிஞ்சித் தகட்டோடு ஒட்டவைத்திருக்கும். வடகிழக்குப் பருவமழை வண்டியையும் ஊரையும் அலசிவிட்டுப் போன பின், தை மாசியில் வேலையை வைத்துக்கொள்வது நல்லது. பனி உலர்ந்த பிறகு தொடங்கி, கடல்காற்று ஏறுமுன் அன்றைய கோட்டை முடித்துவிடுங்கள்.

சட்டத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆர்.சி.யில் உள்ள நிறத்தை மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்துத் திருத்தம் வாங்க வேண்டும். ராணுவத்தின் ஆலிவ் பச்சையைத் தனியார் வண்டிக்கு அடிக்கக் கூடாது என்று 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே இருக்கிறது.

இத்தனையும் ஒழுங்காகச் செய்தாலும் என் கவலை தீரவில்லை. ரோலர் போகாத இடங்கள்தான் அந்தக் கவலை. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில், சக்கர வளைவின் உள்பக்கம், பாய்க்கு அடியில் இருக்கும் தரைத்தகடு, பின்சக்கர சஸ்பென்ஷன் பொருந்தும் இடம், வண்டிக்கு அடியில் ஓடும் பிரேக் குழாய். மோதல் நடந்தால் உள்ளே இருப்பவரைக் காப்பதில் சில்லுக்குப் பெரும் பங்கு உண்டு. பிரேக் குழாய் அரித்து வெடித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கதவின் அடிவிளிம்பில் தண்ணீர் வடிவதற்கென்றே சின்ன ஓட்டைகள் இருக்கும். ஆசை ஆசையாக அடிக்கும் பெயின்ட்டும் பட்டியும் அந்த ஓட்டைகளை அடைத்துவிட்டால், கதவு உள்ளிருந்தே அழுகத் தொடங்கும்.

இந்தக் கரை அடிக்கடி புயலையும் பார்க்கிறது. 2020 நவம்பரில் நிவர் புதுச்சேரிக்கும் மரக்காணத்துக்கும் இடையில்தான் கரையேறியது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, இதே விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. அப்படிப்பட்ட வெள்ளத்தில் நிற்கும் கார்களின் சில்லுக்குள்ளும் பாய்க்கு அடியிலும் சேறும் ஈரமும் தங்கிவிடும். பதினைந்து ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்க வேண்டிய வண்டி, வெள்ளத்தில் நின்ற வண்டி, உப்புக்காற்றில் வருடக்கணக்காக வெளியே நின்ற வண்டி எல்லாமே மலிவாக வண்ணம் பூசிக்கொண்டு அடுத்தவர் கைக்குப் போக முடியும் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. பழைய காருக்கு இவ்வளவு பார்க்க வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். முதன்முதலாகக் கார் வாங்கும் குடும்பம் வாங்குவது பெரும்பாலும் பழைய காரைத்தானே?

சொந்த வண்டிக்கு ரோலர் எடுப்பவர்கள், அதற்கு முந்தைய வாரம் வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லி அடிப்பாகத்தைப் பாருங்கள். அங்கே வெல்டிங் வேலை இருந்தால் பெயின்ட்டுக்கு எடுத்துவைத்த பணத்தை அதற்குக் கொடுங்கள். நிறம் அடுத்த வருடம் மாறட்டும். கடற்கரையோரம் பழைய கார் வாங்கப் போகிறவர்கள், ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். பாயைத் தூக்கித் தரைத்தகட்டைப் பாருங்கள். பிறகு சில் நெடுகக் காந்தத்தை நகர்த்துங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் இருப்பது இரும்பு அல்ல, பட்டி. அந்த வண்டியை வாங்காதீர்கள்.