மண்ணுக்குள் தப்பிய உயிர்கள்

மணவாள நகரிலிருந்து தெற்கே போகும் சாலை ஸ்ரீபெரும்புதூருக்குப் போகிறது. வடக்கே திருவள்ளூரைத் தாண்டி, பூண்டி ஏரிப் பக்கமாகப் போனால் சீத்தஞ்சேரி. அதற்கு அப்பால் கூடியம், அல்லிக்குழி மலை. கிட்டப் போய்ப் பார்த்தால் அந்த மலை பெரும்பாலும் கூழாங்கல்தான் என்பது தெரியும். தலையளவுக் கல்லும் உள்ளங்கைக்குள் அடங்கும் கல்லும் மணலோடு சேர்ந்து இறுகி, கூடியம் குகையின் சுவரிலும் கூரையிலும் துருத்திக்கொண்டு நிற்கின்றன. ஒன்றைத் தடவிப் பார்த்தால் வழவழவென்று இருக்கும். ஓடும் நீர் உருட்டி உருட்டித் தேய்த்த கல் அது. உருட்டியது இன்றைய கொசஸ்தலையாறு அல்ல. சுமார் 12, 13 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் நடமாடிய காலத்தில், இந்தியாவின் கிழக்கு ஓரம் அண்டார்டிகாவை விட்டுப் பிரிந்துகொண்டிருந்தபோது ஓடிய ஆறுகள் கொண்டுவந்து கொட்டியவை இவை.

நம் மாவட்டத்தின் பழமை என்று பேச்சு வந்தால் எல்லோரும் அத்திரம்பாக்கத்தைத்தான் சொல்வார்கள். 1863-ல் புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அவற்றுள் மிகப் பழையவற்றுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் 2011-ல் நிறுவினார்கள். அந்த ஆதி மனிதர்கள் கருவி செய்யத் தேர்ந்தெடுத்தது இந்த மலைகளிலிருந்து உருண்டு வந்த கற்களைத்தான். அவர்கள் கையில் எடுத்தபோதே அந்தக் கூழாங்கல் பாறைக்குப் பத்துக் கோடி ஆண்டுக்கு மேல் வயதாகியிருந்தது.

ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துப் பாறைகளில் அந்தக் காலத்து உயிர்களே பதிந்திருக்கின்றன. களிக்கல்லை ஏடு ஏடாகப் பிரித்தால் இலைகளின் அச்சு கிடைக்கும். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்த ஓட்டோகர் ஃபைஸ்ட்மான்டல் 1879-ல் சென்னைக் கரையோரத்தின் இந்தத் தாவரப் பதிவுகளை விவரித்து எழுதினார். நடு நரம்பின் இருபுறமும் சீப்புப் பல்லாய் நெருங்கிய இலைகள் கொண்ட டைலோஃபில்லம் அவற்றில் முக்கியமானது. அந்த இனம் இன்று பூண்டோடு இல்லை. அதே பாறைகளில் கிடைக்கும் அம்மோனைட் என்ற சுருள் ஓட்டுக் கடலுயிரியும் இல்லை. ஆனால் அந்த இலைகள் உதிர்ந்த காலத்தை ஒட்டித் தனியே பிரிந்த ஒரு தவளைக் கிளை அழியாமல் வந்து, இன்றும் உயிரோடு இருக்கிறது. அதன் ஒரு வகை நம் தமிழ்நாட்டிலேயே, ஸ்ரீவில்லிபுத்தூர் மலைச்சரிவில் வாழ்கிறது.

ஊதாத் தவளை என்று அதைச் சொல்கிறார்கள். 2003 அக்டோபரில் ‘நேச்சர்’ இதழில் எஸ்.டி. பிஜுவும் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஃபிராங்கி போசைட்டும் அதை உலகுக்கு அறிவித்தார்கள். புதிய இனம் என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. இதற்கென்று தவளைகளில் ஒரு புதிய குடும்பத்தையே உருவாக்க வேண்டியிருந்தது. நாசிகபட்ராக்கஸ் சஹ்யாத்ரென்சிஸ் என்பது அறிவியல் பெயர். கிடைத்த இடம் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். அங்குள்ள மலைமக்களுக்கு இந்தத் தவளை புதிதே அல்ல. பாதாளத் தவளை என்று அதற்கு அவர்கள் பேர் வைத்திருந்தார்கள். அதன் தலைப்பிரட்டையை விலங்கியலாளர்கள் இதற்குச் சுமார் 85 ஆண்டுகளுக்கு முன்பே பார்த்து எழுதி வைத்துவிட்டார்கள். எந்தத் தவளையின் குஞ்சு அது என்பதுதான் தெரியாமல் இருந்தது. தாய் தந்தையைக் கண்டுபிடிக்க அவ்வளவு காலம் ஆனதற்குக் காரணம் இருக்கிறது: இந்தத் தவளை ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்கு அடியிலேயே கழிக்கிறது.

ஏழு சென்டிமீட்டர் அளவில் உப்பிய உடல், கருத்த ஊதா நிறத் தோல், சின்னஞ்சிறு கண்கள், முனையில் வெளுத்துக் கூர்மையான மூக்கு. பின்னங்கால்கள் குட்டை, பாதத்தில் மண்ணைத் தள்ளுவதற்கான தடித்த மேடு. பின்பக்கமாகவே தோண்டிக்கொண்டு இறங்கிவிடும். ஈர மண்ணுக்குள் கறையான் பாதைகளைத் தேடி, குறுகிய வாயால் கறையான்களைத் தின்கிறது. சாப்பிட மேலே வர வேண்டிய தேவையே இல்லை.

மேலே வருவது இனப்பெருக்கத்துக்காக மட்டும், அதுவும் மழை தொடங்கும் சில நாட்கள். ஆண் தவளை மண்ணுக்குள் இருந்தபடியே குரல் கொடுக்கிறது. பெண் பெரிது, ஆண் சிறிது. ஆண் பெண்ணின் முதுகில் ஒட்டிக்கொள்ள, பெண் அதைச் சுமந்துகொண்டு ஓடைக்குப் போகிறது. பாறை இடுக்கில் இரண்டாயிரத்துக்கும் மேல் முட்டைகள். அவை பொரிந்து வரும் தலைப்பிரட்டைகளுக்கு வாயே ஓர் உறிஞ்சு கருவி. வெள்ளம் சீறிப் பாயும் பாறையில் அந்த வாயால் கவ்விக்கொண்டு, பாசியை வழித்துத் தின்று, சுமார் நூறு நாளில் தவளையாகி மண்ணுக்குள் போய்விடுகின்றன.

இதன் குலம் அவ்வளவு பழையது என்று எப்படிச் சொல்கிறார்கள்? மரபணுவை வைத்துத்தான். இரண்டு இனங்கள் ஒரு மூதாதையிடமிருந்து பிரிந்தபின், ஒவ்வொன்றின் மரபணுவிலும் தனித்தனியே மாற்றங்கள் சேர்ந்துகொண்டே போகின்றன. எத்தனை வேறுபாடு சேர்ந்திருக்கிறது என்று எண்ணி, வயது தெரிந்த புதைபடிவங்களோடு ஒப்பிட்டு, பிரிந்த காலத்தைக் கணக்கிடுகிறார்கள். ஊதாத் தவளைக் குடும்பத்துக்கு மிக நெருங்கிய சொந்தம் இந்தியாவில் இல்லை. சுமார் 3,000 கிலோமீட்டருக்கு அப்பால் செஷல்ஸ் தீவுகளில் இருக்கின்றன, மிகச் சிறிய சில தவளை இனங்கள். உப்பு நீர் தவளைக்கு ஆகாது. அவை கடலை நீந்திப் போயிருக்க முடியாது. நிலம்தான் பிரிந்து போயிருக்கிறது. இந்தியா, மடகாஸ்கர், செஷல்ஸ் மூன்றும் ஒரே நிலப்பரப்பாக இருந்தவை. சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கர் கழன்றது. 6 கோடிச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன் செஷல்ஸ் கழன்றது. தவளையை ஏற்றிக்கொண்ட தெப்பமாக இந்தியா வடக்கே வந்து ஆசியாவோடு முட்டியது.

2003 ஆய்வு இந்தியத் தவளையும் செஷல்ஸ் தவளைகளும் பிரிந்து 13 கோடி ஆண்டு ஆகிறது என்றது. பின்னால் வந்த ஆய்வுகளில் சில அந்தப் பிரிவை இன்னும் பிந்திய காலத்துக்குக் கொண்டுவருகின்றன. இரண்டுக்கும் பொதுவான குலம் மற்றத் தவளைகளிலிருந்து டைனோசர் காலத்திலேயே தனியாகிவிட்டது என்பதில் அவை ஒத்துப்போகின்றன. இந்த வகைக் கணக்கு மேலும் நுணுக்கமாகும்போது எண்கள் மாறத்தான் செய்யும். பள்ளிப் பாடத்தில் ஒற்றை எண்ணை மனப்பாடம் செய்ய வைப்பதைவிட, அந்த எண் எப்படி வருகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது மேல் என்று எனக்குத் தோன்றுகிறது.

இத்தகைய விலங்குகளை ‘வாழும் தொல்லெச்சங்கள்’ என்பார்கள். 1859-லேயே டார்வின் அப்படி எழுதினார். உலகப் புகழ்பெற்ற உதாரணம் சீலகாந்த் மீன். டைனோசர்களோடு சேர்ந்து 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டதாக நினைத்திருந்த அந்த மீன், 1938 டிசம்பரில் தென்னாப்பிரிக்க மீன்பிடிப் படகு ஒன்றின் வலையில் சிக்கியது. அருங்காட்சியகப் பொறுப்பாளர் மார்ஜரி கோர்ட்னி-லாட்டிமர் கண்ணில் அது படாமல் போயிருந்தால் சந்தைக்குத்தான் போயிருக்கும். நம் வங்கக் கடலில், ஒடிசாவின் பாலேஸ்வர் கரையில், குதிரைலாட நண்டு இருக்கிறது. அதன் குலத்துப் புதைபடிவங்கள் சுமார் 44 கோடி ஆண்டுப் பழமை கொண்டவை. ஊசி மருந்துகளில் நுண்ணுயிர் நஞ்சு கலந்திருக்கிறதா என்று சோதிக்க இந்த வகை நண்டின் நீல ரத்தத்தை மருந்துத் தொழில் பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறது. நம் வீட்டுப் பழைய புத்தகங்களை அரிக்கும் ராமபாணப் பூச்சியும், சிறகுள்ள பூச்சிகள் தோன்றுவதற்கு முன்பே பிரிந்துபோன கிளைதான்.

இவை மாறாமல் உறைந்து நின்றுவிட்டன என்று நினைப்பது தவறு. குலம் பழையது, இன்றிருக்கும் விலங்கு இன்றைய விலங்கு. அதற்கு நல்ல சான்று ஸ்ரீவில்லிபுத்தூரில் கிடைத்த ஊதாத் தவளை. மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரளப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டுகிறது. கிழக்குச் சரிவு அந்த நேரத்தில் மழை மறைவுப் பகுதி, அங்கே பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். கேரளத் தவளை கோடை கழிந்து தென்மேற்கு மழை எட்டிப் பார்க்கும்போது மேலே வர, கிழக்குச் சரிவில் இருப்பது வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருக்கிறது. ஒரே மலை, இரண்டு மழை, அதனால் இரண்டு இனம். ஹைதராபாதில் உள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தின் விஞ்ஞானிகள் உள்ளிட்ட குழு 2017-ல் இதைத் தனி இனமாக அறிவித்தது. நாசிகபட்ராக்கஸ் பூபதி என்று பெயர். கோவை சாலிம் அலி பறவையியல் மையத்தில் பணியாற்றி, 2014-ல் மேற்குத் தொடர்ச்சி மலையில் களப்பணியின்போது உயிரிழந்த ஊர்வன ஆய்வாளர் சுப்பிரமணியம் பூபதியின் நினைவாக வைத்த பெயர் அது. ஆமைகளையும் பாம்புகளையும் தேடி வாழ்நாளைக் கழித்த ஒருவருக்குப் பொருத்தமான மரியாதை.

எத்தனையோ உயிர்கள் அழிந்த உலகில் இவை மட்டும் எப்படித் தப்பின? 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதியது; அதே காலத்தில் தக்காணத்தில் எரிமலைக் குழம்பு பெருக்கெடுத்தது. தவளைகளில் பெரும்பாலான கிளைகள் முறிந்துபோயின. இன்று உலகில் உள்ள தவளை இனங்களில் சுமார் 88 விழுக்காடு, அந்த அழிவைத் தாண்டிவந்த மூன்றே மூன்று கிளைகளின் வாரிசுகள் என்று 2017-ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. ஊதாத் தவளை அந்த மூன்றில் எதிலும் சேராதது. வெளியே காடு கருகினாலும் வானம் இருண்டாலும் ஈர மண்ணுக்கு அடியில் கறையான் இருக்கும். அதுவே அதைக் காப்பாற்றியிருக்கலாம்.

கடலிலும் இதே கதைதான். அரியலூர்ப் பாறைகளில் அம்மோனைட்டும், அதன் தூரத்து உறவான நாட்டிலஸும் இரண்டுமே கிடைக்கின்றன. அம்மோனைட் அழிந்தது, நாட்டிலஸ் இன்றும் வாழ்கிறது. அம்மோனைட் குஞ்சுகள் மிகச் சிறியவை, கடலின் மேல்மட்டத்தில் மிதந்தவை. மேல்மட்டம் கெட்டதும் அவையும் போயின. நாட்டிலஸ் பெரிய முட்டையிடும், ஆழத்தில் வாழும், பல நாள் பட்டினி தாங்கும். பல விஞ்ஞானிகள் கூறும் காரணம் இதுதான். ஆழம் தேடியவை பிழைத்தன.

இதை அறிந்தபின் நம் ஊரைச் சுற்றியுள்ள ஏரிகளை வேறு கண்ணோடுதான் பார்க்க முடிகிறது. திருவள்ளூர் வட்டாரத்து ஏரி, குளங்களில் மெல்லோட்டு ஆமைகள் உண்டு. ஆமைக் குலத்துக்கு வயது 22 கோடி ஆண்டு. அல்லிக்குழிக் கூழாங்கற்கள் படியும் முன்பே ஆமை இருந்தது. ஏரி வற்றும்போது இந்த மெல்லோட்டு ஆமைகள் சேற்றில் புதைந்துகொண்டு கோடையைக் கழிக்கின்றன. முதல் பெருமழைக்குக் கத்தும் உருண்டைத் தவளைகளும் ஆண்டின் மற்ற நாட்களில் மண்ணுக்குள்தான். ஊதாத் தவளையின் நெருங்கிய சொந்தம் இல்லை என்றாலும், அதே உபாயம்: வறண்ட காலத்தில் கீழே போ, மழைக்கு மேலே வா.

அந்த உபாயம் விண்கல்லுக்குத் தாங்கியது, பொக்லைனுக்குத் தாங்காது. தொழிற்பேட்டை மனைகளை மேடாக்கவும் சாலை போடவும் ஏரிகளில் சவுடு மண் அள்ளுவது நம் பக்கம் புதிதல்ல. அள்ளும் காலம் கோடை. ஏரி காய்ந்து லாரி இறங்கத் தோதாக இருக்கும் அதே மாதங்களில்தான் ஆமை சேற்றுக்குள் இருக்கிறது. மேலே நின்று பார்ப்பவருக்கு அது வெறும் வெடித்த களிமண். ஸ்ரீவில்லிபுத்தூர் மலை 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதி. அங்கே மண்ணைத் தொட யோசிப்பார்கள். ஏரிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

ஆமைக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. இந்த மெல்லோட்டு ஆமை, 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில், புலியோடு ஒரே வரிசையில் இருக்கிறது. பிடித்தாலோ கறிக்கு விற்றாலோ 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை. மண் எடுக்க அனுமதிக்கும் ஆணையில் எவ்வளவு பரப்பு, எவ்வளவு ஆழம், எத்தனை லோடு என்றெல்லாம் எழுதுகிறார்கள். அதிலேயே இரண்டு நிபந்தனைகளைச் சேர்க்க முடியும்: ஏரியின் தாழ்ந்த மூலையை, கடைசியாக ஈரம் காயும் பகுதியை, வெட்டாமல் விடுவது, தோண்டத் தொடங்கும் நாளில் வனத்துறை ஆள் ஒருவர் உடனிருந்து, வெளிப்படும் ஆமைகளை நீருள்ள ஏரிக்குக் கொண்டுபோய் விடுவது. தொழிற்பேட்டையின் வேலை இதனால் ஒரு நாளும் நிற்காது. கிராம சபைக் கூட்டத்தில் இதைக் கேட்கலாம். அடுத்த கோடைக்கு முன்பே கேட்க வேண்டும்.