நர்ஸ் ஆகணுமா? பிளஸ் 1-ல் எந்த குரூப் எடுக்கணும்? தவறவிட்டால் என்ன வழி? முழு விவரம்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்து பிளஸ் 1 சேரப் போனதும் பள்ளியில் கேட்கும் முதல் கேள்வி, "எந்த குரூப் வேணும்?" என்பதுதான். கூடப் படித்த தோழி சேர்ந்த குரூப், வேலை கிடைக்கும் என்று மாமா சொன்ன குரூப், அந்தப் பள்ளியில் மிச்சம் இருந்த குரூப் என ஏதோ ஒன்றில் பிள்ளைகள் சேர்ந்துவிடுகிறார்கள்.

இரண்டு வருடம் கழித்து பி.எஸ்சி நர்சிங் விண்ணப்பத்தை நிரப்ப உட்காரும்போதுதான் சிக்கல் தெரிகிறது. நல்ல மார்க் இருக்கும், ஆனால் தேவையான பாடம் இருக்காது. அதனால் நர்சிங் கனவு இருந்தால் திட்டமிட வேண்டிய நேரம் பிளஸ் 2 முடிந்த பிறகு இல்லை, பிளஸ் 1 சேரும்போதே!

எந்தெந்தப் பாடங்கள் கட்டாயம்?

இந்தியா முழுவதும் நர்சிங் படிப்புக்கான தகுதியை வகுப்பது இந்திய நர்சிங் கவுன்சில். அதன் விதிப்படி, 4 ஆண்டு பி.எஸ்சி நர்சிங் சேர பிளஸ் 2-வில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் ஆகிய நான்கும் படித்திருக்க வேண்டும். உயிரியலுக்குப் பதிலாக தாவரவியல், விலங்கியல் என இரண்டு பாடமாகப் படித்திருந்தாலும் தமிழ்நாட்டில் ஏற்கப்படும்.

சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். மாணவிகள் மட்டுமில்லை, மாணவர்களும் சேரலாம்.

எந்த குரூப் சரி, எந்த குரூப் சிக்கல்?

* இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம்: தாராளமாக எடுக்கலாம்.

* இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல்: கணக்கு வராது என்று பயப்படுபவர்களுக்கு ஏற்றது. நர்சிங் சேர பிளஸ் 2 கணிதம் தேவையில்லை.

* இயற்பியல், வேதியியல், கணிதம், கம்ப்யூட்டர் சயின்ஸ்: இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். "இதுவும் சயின்ஸ் குரூப்தானே" என்று நினைத்துச் சேர்ந்துவிடுகிறார்கள். உயிரியல் இல்லாததால் பி.எஸ்சி நர்சிங்குக்கு விண்ணப்பிக்க முடியாது.

* வணிகவியல், கலைப் பிரிவு: பி.எஸ்சி நர்சிங் சேர முடியாது. வேறு வழி இருக்கிறது, கீழே பார்க்கலாம்.

* தொழிற்கல்விப் பிரிவு: குரூப் பெயரில் "நர்சிங்" என்று இருப்பதை மட்டும் நம்பிச் சேர வேண்டாம். பாடப் பட்டியலை வாங்கிப் பாருங்கள். இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் அதில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

பாஸ் ஆனால் போதுமா?

போதாது. பொதுப் பிரிவினர் தகுதிப் பாடங்களில் மொத்தமாக 45 சதவீதம் எடுத்திருக்க வேண்டும். எஸ்.சி, எஸ்.டி பிரிவினருக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு, அதாவது 40 சதவீதம்.

ஒவ்வொரு பாடத்திலும் 35 மார்க் எடுத்தால் பிளஸ் 2 பாஸ். ஆனால் மொத்தம் 35 சதவீதம்தான் வரும், நர்சிங்குக்கு அது பத்தாது. ஒரு பாடத்தில் மார்க் குறைந்தாலும் இன்னொன்றில் ஈடுகட்டலாம் என்பது ஆறுதல். ஆனால் 45 என்பது விண்ணப்பிக்கும் தகுதி மட்டுமே. அரசுக் கல்லூரி இடத்துக்குப் போட்டி அதிகம் என்பதால் கட்-ஆஃப் அதைவிட மேலே இருக்கும்.

நீட் எழுதணுமா?

தமிழ்நாடு அரசின் மருத்துவத் தேர்வுக் குழு நடத்தும் கவுன்சிலிங்கில் பிளஸ் 2 மதிப்பெண் அடிப்படையில்தான் பி.எஸ்சி நர்சிங் இடம் தரப்பட்டு வருகிறது. அதற்கு நீட் தேவையில்லை.

ஆனால் புதுச்சேரி ஜிப்மரில் நர்சிங் சேரவும், ராணுவ மருத்துவக் கல்லூரிகளின் நர்சிங் படிப்புக்கும் நீட் மதிப்பெண் வேண்டும். எய்ம்ஸ் நிறுவனங்களுக்கு தனி நுழைவுத் தேர்வு இருக்கிறது. இவற்றில் ஆசை இருந்தால் பிளஸ் 1-லேயே தயாராகத் தொடங்குவது நல்லது.

இந்தப் பாடங்களை ஏன் கேட்கிறார்கள்?

முதல் செமஸ்டரிலேயே உடற்கூறியல், உடலியங்கியல் வந்துவிடும். இரண்டாவது செமஸ்டரில் உயிர்வேதியியல், ஊட்டச்சத்தியல். மூன்றாவதில் நுண்ணுயிரியல், மருந்தியல், நோயியல். பிளஸ் 2 உயிரியலும் வேதியியலும்தான் இதற்கெல்லாம் அடிப்படை.

ஆங்கிலத்தையும் அலட்சியமாக விடக்கூடாது. நர்சிங் பாடப்புத்தகம், மருந்துச் சீட்டு, நோயாளியின் கேஸ் ஷீட் எல்லாம் ஆங்கிலத்தில்தான். தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் பிளஸ் 2 விடுமுறையில் உடல் உறுப்புகள், நோய்களின் ஆங்கிலப் பெயர்களைப் படித்து வைத்தால் முதல் வருடத்தில் திணற வேண்டியிருக்காது.

கணக்கு கட்டாயம் இல்லை என்றாலும் விகிதம், சதவீதம், மில்லிகிராம்–கிராம் மாற்றம் கை வசம் இருக்கணும். மருந்தின் அளவைக் கணக்கிடும்போது ஒரு புள்ளி இடம் மாறினால் டோஸ் பத்து மடங்கு கூடிவிடும்.

இணையத்தில் தேடினால் நர்சிங்குக்கு முன் கல்லூரியில் ஓரிரு வருடம் தனியாக அறிவியல் பாடங்கள் முடிக்க வேண்டும் என்று வரும். அது அமெரிக்க நடைமுறை. நம் ஊரில் பிளஸ் 2 பாடங்களே அந்த வேலையைச் செய்கின்றன.

குரூப் தவறிவிட்டதா? இதோ வழிகள்

1. பிளஸ் 1 சேர்ந்து சில நாள்தான் ஆகிறது என்றால், உடனே தலைமை ஆசிரியரைப் பார்த்து குரூப் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். நாள் தள்ளிப்போனால் கடினம்.

2. பிளஸ் 2 முடித்துவிட்டீர்களா? ஜி.என்.எம் எனப்படும் 3 ஆண்டு டிப்ளமோ இருக்கிறது. நர்சிங் கவுன்சில் விதிப்படி, அறிவியல் படித்தவர்களுக்கு முன்னுரிமை என்றாலும் மற்ற பிரிவினரும் 40 சதவீத மதிப்பெண்ணுடன் சேரலாம். ஆங்கிலம் கட்டாயம். அதை முடித்து நர்ஸாகப் பதிவு செய்த பிறகு, 2 ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி நர்சிங் படித்துப் பட்டம் வாங்கலாம். ஒரு வருடம் கூடுதல், ஆனால் அதே பட்டதாரி நர்ஸ்!

3. தேசிய திறந்தநிலைப் பள்ளியில் அறிவியல் பாடங்களும் ஆங்கிலமும் எடுத்து பிளஸ் 2 முடித்தவர்களையும் நர்சிங் கவுன்சில் ஏற்கிறது. பணம் கட்டும் முன், நீங்கள் சேர நினைக்கும் கல்லூரி அல்லது கவுன்சிலிங்கின் தகவல் கையேட்டில் உள்ள தகுதி விதியைப் படித்துவிடுங்கள்.

இதில் மட்டும் உஷார்!

"பத்தாவது போதும், ஆறு மாசத்தில் நர்ஸ்" என்று பஸ் ஸ்டாண்ட் சுவரில் போஸ்டர் பார்த்திருப்பீர்கள். அந்தச் சான்றிதழை வைத்து தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் நர்ஸாகப் பதிவு செய்ய முடியாது. அந்தப் பதிவு இல்லாமல் அரசு மருத்துவமனை நர்ஸ் வேலைக்கு விண்ணப்பிக்கவும் முடியாது. எனவே எந்தக் கல்லூரியாக இருந்தாலும் கவுன்சில் அங்கீகாரம் உண்டா என்று முதலில் கேளுங்கள். பட்டப்படிப்பு என்றால், தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர் மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பு இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

உங்கள் வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தால், குரூப் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு முறை பாருங்கள்: இயற்பியல், வேதியியல், உயிரியல். இந்த மூன்றும் அதில் இருக்கிறதா?