பிளக்கில் ஒரு பேனாக் கோடு

தூண்டில், இரை, குடிதண்ணீர். இவற்றோடு ஒரு செட் ஸ்பார்க் பிளக்கும், கழற்ற ஒரு ஸ்பேனரும். 1990-களின் கடைசியில் அமெரிக்காவில் ஃபிக்ட் எஞ்சின் பூட்டிய படகு வைத்திருந்தவர்களில் பலர் இப்படித்தான் தண்ணீரில் இறங்கினார்கள். கரையை விட்டு வெகுதூரம் போனபிறகு எஞ்சின் இருமினால் வேறென்ன செய்வது?

இத்தனைக்கும் அது ஊர் பேர் தெரியாத கம்பெனியின் சரக்கு அல்ல, எவின்ரூட். நார்வேயில் பிறந்து சிறுவயதில் குடும்பத்தோடு அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட் 1909-இல் மில்வாக்கியில் விற்க ஆரம்பித்த எஞ்சின்தான், படகின் பின்பக்கம் மாட்டும் அவுட்போர்டை ஒரு தொழிலாகவே நிலைநிறுத்தியது. பிற்காலத்தில் எவின்ரூட்டும் ஜான்சனும் ஓ.எம்.சி. என்ற ஒரே கம்பெனியின் குடையின் கீழ் வந்தன.

தலைவலி புகையில் தொடங்கியது. பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சின், குடிக்கும் பெட்ரோலில் ஏறக்குறைய கால் பங்கை எரிக்காமலே தண்ணீருக்குள் துப்பிவிடும். 1996-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கெடு விதித்தது: 1998 மாடலில் தொடங்கி 2006-க்குள் ஹைட்ரோகார்பன் புகையை 75 சதவீதம் குறைத்தாக வேண்டும்.

ஓ.எம்.சி. ஜெர்மனியிலிருந்து ஃபிக்ட் முறையை வாங்கிவந்தது. யோசனை அபாரம், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு இன்ஜெக்டர். அதற்குள் மின்காந்தத்தால் ஓடும் குட்டிச் சுத்தியல். அது ஓடிவந்து மோதும் வேகத்திலேயே பெட்ரோலுக்கு அழுத்தம் ஏறி சிலிண்டருக்குள் பீய்ச்சும். எரியாத பெட்ரோல் வெளியே ஓடாது. எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடினால், அந்தச் சுத்தியல் நொடிக்கு 100 தடவை அடிக்க வேண்டும். 150 குதிரைத்திறன் எஞ்சின் 1997 மாடலாகக் கடைக்கு வந்தது.

மெதுவாக ஓடும்போது பிளக்கைச் சுற்றி மட்டும் சிறு பெட்ரோல் மேகம் போதும். வேகத்தில் சிலிண்டர் முழுக்கப் பரவ வேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் இடைப்பட்ட வேகத்தில்தான் ஃபிக்ட் தடுமாறியது. பிளக்கில் கரி படிந்தது. கரி படிந்த பிளக் எப்படிச் சதி செய்யும் என்று குமரிக் கடலில் மண்ணெண்ணெய் எஞ்சின் ஓட்டுகிறவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சில எஞ்சின்களில் அதோடு நிற்கவில்லை. கலவை தப்பி, வெடிப்பு தாறுமாறாகி, பிஸ்டனே உருகிப் பொத்தலானது.

பிளக்கை மாட்டுவதே தனி வித்தை. வாய் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று பார்த்து, வெள்ளைப் பீங்கான்மேல் பேனாவால் ஒரு கோடு போட வேண்டும். முறுக்கி முடிக்கையில் அந்தக் கோடு இன்ஜெக்டர் பக்கம் நிற்க வேண்டும். நிற்கவில்லையா, கழற்றி வேறொன்றை முயல வேண்டும். ஆறு சிலிண்டருக்கும் இதே கதை.

கம்பெனி கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. கணினி நிரலை மாற்றினார்கள், பிளக்கை மாற்றினார்கள், உதிரிபாகங்களை மாற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் படகை டிரெய்லரில் ஏற்றி டீலரிடம் இழுத்துக்கொண்டு போவது மட்டும் உரிமையாளர் வேலை. சோதனைக்கூடத்தில் முடித்திருக்க வேண்டிய பரீட்சையை, காசு கொடுத்து வாங்கியவர்களின் படகில் நடத்தினார்கள் என்பதே என் கணிப்பு. கோடைக்காலம் முழுக்கப் படகு ஒர்க்‌ஷாப்பில் கிடந்தால் அந்த நாள்களை எந்த உத்தரவாதம் திருப்பித் தரும்?

அந்த உத்தரவாதமும் நிலைக்கவில்லை. 2000 டிசம்பர் 22 அன்று, கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்னால், ஓ.எம்.சி. திவால் மனு கொடுத்தது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். ஃபிக்ட் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் விழுகிற மரத்துக்கு அதுவும் ஒரு கோடரி. கையில் உத்தரவாத அட்டை வைத்திருந்தவர்களுக்குப் புதுச் சிக்கல்: வாக்குக் கொடுத்த கம்பெனியே இல்லை. திவாலான சொத்தை ஏலத்தில் எடுப்பவர், பழைய வாக்குறுதிகளையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

2001-இல் எஞ்சின் தொழிலை வாங்கிய பொம்பார்டியர், உற்பத்தியை விஸ்கான்சினுக்கு மாற்றி, ஃபிக்ட் எஞ்சின்களைச் சீர்படுத்தியது. 2003-இல் ஈ-டெக் என்ற புது எஞ்சின் வந்தது. அடிப்படை அதே நேரடிப் பீய்ச்சல்தான். அது நன்றாகவே ஓடியது. ஆக, குற்றம் யோசனையில் இல்லை, அவசரத்தில்.

2020 மே மாதம் எவின்ரூட் உற்பத்தி நிறுத்தப்பட்டது. விற்றுப்போன ஈ-டெக்குகள் இன்னும் தண்ணீரில் ஓடுகின்றன. அவற்றுக்குப் பிளக் மாற்றுகிற மெக்கானிக்குகள் இன்றும் பீங்கான்மேல் அந்தக் கோட்டைப் போட்டுவிட்டுத்தான் முறுக்குகிறார்கள்.