நூறு பேர் இல்லாத பள்ளிக்கு ஓவிய ஆசிரியர் கிடையாதா?

சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. சென்னைக் கல்லூரியின் வரலாறு 1850இல் தொடங்குகிறது. பிளஸ் டூ முடித்தவர்கள் இங்கே ஓவியம், சிற்பம், வடிவமைப்பு படிக்கலாம். பட்டியல் சாதியினருக்கு 18 சதவீத இடம் உண்டு. அதில் அருந்ததியருக்கு 3 சதவீத உள்ஒதுக்கீடும் உண்டு.

ஆனால், இந்தப் படிப்புக்கு மதிப்பெண் மட்டும் போதாது. வரைந்து காட்டவும் வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து தூரிகை பிடித்துப் பழகியவரோடு, ஓவிய வகுப்பையே பார்க்காத சேரிப் பிள்ளை அங்கே போட்டியிட வேண்டியிருக்கிறது.

இந்த இடைவெளிக்குச் சட்டமும் ஒரு காரணம். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, 6 முதல் 8ஆம் வகுப்பு வரை 100 பேருக்கு மேல் படித்தால்தான் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் உண்டு. தமிழகத்தில் 2012இல் 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். அவர்களுக்கு வாரத்தில் மூன்று அரைநாள் வேலை.

காலனிப் பள்ளிகளும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் பல இடங்களில் சிறியவை. ஊர்த்தெருப் பிள்ளைகளை அங்கே சேர்ப்பதில்லை. பிறகு எண்ணிக்கை எப்படி நூறைத் தாண்டும்? சாதி குறைத்த எண்ணிக்கைக்குப் பிள்ளைகள் தண்டனை பெறுகிறார்கள்.

அருகருகே உள்ள நான்கைந்து சிறு பள்ளிகளுக்குச் சேர்த்து முழுநேர ஓவிய ஆசிரியர் ஒருவரை அரசு நியமிக்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர் இதைத் தீர்மானமாக நிறைவேற்றி மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்க வேண்டும். பள்ளியில் பயிற்சி கிடைக்காவிட்டால், கல்லூரியில் ஒதுக்கிய இடம் நம் பிள்ளைகளுக்கு எட்டாது.