முதிரை மரமும் அதன் பெயரும்

வறண்ட வலயத்துக் கமக்காரருக்கு முதிரை மரத்தை எவரும் அறிமுகஞ் செய்துவைக்க வேண்டியதில்லை. வீட்டு நிலை, கதவு, வண்டி என உறுதி வேண்டிய இடமெங்கும் அது பயன்பட்டு வந்துள்ளது. ஆயினும் அதன் பெயரைப் பற்றிச் சிந்தித்தோர் சிலரே.

பழந்தமிழில் முதிரை என்பது அவரை, துவரை முதலிய பயற்றினங்களைக் குறித்தது. மலையாளத்தார் இன்றும் கொள்ளினை முதிர என்றே வழங்குவர். மரமோ பயற்றினத்தைச் சேர்ந்ததன்று. தோடை, எலுமிச்சை, விளா, கறிவேம்பு என்பனவற்றின் குடும்பத்தது. இலையைக் கசக்கி முகர்ந்து பார்ப்போர் இவ்வுறவை எளிதில் உணர்வர். முதிர்தல் என்னுஞ் சொல்லோடு இப்பெயரை இணைத்துப் பார்ப்பது பொருந்தும் என எமக்குத் தோன்றுகின்றது. மிக மெதுவாக வளர்ந்து வைரங்கொள்ளும் மரமன்றோ இது! சிங்கள மக்கள் இதனைப் புருத என்பர்.

தாவரவியலார் இட்ட பெயர் குளோரொக்ஸிலொன் சுவீற்றெனியா என்பதாகும். முற்பகுதி, வெளிறிய பசுமஞ்சள் நிற மரம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களால் ஆனது. பிற்பகுதி மகோகனியின் இனப்பெயர். வன் சுவீற்றன் என்னும் மருத்துவரின் நினைவாக அவ்வினத்துக்கு வைக்கப்பட்டது. முதிரையை மகோகனியின் இனமென முதலில் எண்ணிய தவறு இவ்வாறு பெயரிலே தங்கிவிட்டது. இழைத்து மெருகிட்டால் சாட்டின் துணிபோல மினுங்குவதால் ஆங்கிலேயர் சாட்டின் மரம் என்றனர்.

பேராதனையில் மகாவலி கங்கைக்குக் குறுக்கே 1830களில் முதிரையாற் கட்டப்பட்ட பாலம், 205 அடி அகலத்தை ஒரே வளைவினால் தாண்டி நின்றது. 1905இலேயே அது அகற்றப்பட்டது.

இம்மரத்தை அறுப்போர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். இதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பையும் கொப்புளங்களையும் உண்டாக்கும். மூக்கையும் வாயையும் துணியாற் கட்டிக்கொண்டு, வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் குளித்தல் நன்று.

முதிரை இன்று உலகளவில் அழிவை எதிர்நோக்கும் மரங்களுள் ஒன்றாகக் கணிக்கப்பட்டுள்ளது. இதன் விதைகள் சிறகுடையன. காற்றில் அள்ளுண்டு வேலியோரத்திலும் மேட்டுநிலத்திலும் விழுந்து முளைக்கும். துப்புரவு செய்யும்போது அக்கன்றுகளைப் பற்றையோடு சேர்த்து எரித்துவிடாதீர்கள். பயிருக்கு நிழல் விழாத எல்லையோரத்தில் நிற்பனவற்றை விட்டுவைக்கலாம். சொந்தக் காணியில் நிற்கும் மரமாயினும், தறிக்கவோ ஏற்றிச்செல்லவோ முன்னர் பிரதேச செயலகத்தில் அனுமதி பற்றி விசாரித்தறிதல் வேண்டும்.