ஹெட்போனில் கேட்ட கேள்வி

மேசையில் ஒரு தொடுதிரைக் கணினி. கைதியின் காதில் ஹெட்போன். ஒரு குரல் கேள்விகளைப் படிக்கிறது. அவர் திரையைத் தொட்டுப் பதில் சொல்கிறார். படிக்கத் தெரியாதவர்கூட யார் துணையும் இல்லாமல் முடித்துவிடலாம். சிலருக்கு மட்டும் வேண்டுமென்றே உடல்நலம், போதைப் பழக்கம் பற்றிய வேறு கேள்விகள் வைத்தார்கள். எந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு ஒருவர் வெளியே வருகிறார் என்று வார்டருக்கும் தெரியாது, பக்கத்துக் கொட்டடிக்காரருக்கும் தெரியாது.

2011-12இல் அமெரிக்க நீதித்துறையின் புள்ளியியல் பிரிவு இப்படி 92,000-க்கும் மேற்பட்ட சிறைவாசிகளிடம் கேட்டது. மாநில, மத்தியச் சிறைகளில் இருந்தவர்களில் 4 சதவீதம் பேர், முந்தைய 12 மாதங்களுக்குள் பாலியல் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். நூற்றுக்கு நாலு பேர்தானே என்று தோன்றும். விசாரணைக் கைதிகள் இருக்கும் உள்ளூர்ச் சிறைகளையும் சேர்த்தால் கணக்கு 80,000 பேரைத் தாண்டுகிறது. பெண்களும் இதில் உண்டு. ஆனால் அங்கே சிறையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். இன்னொன்றும் தெரியவந்தது. மாநில, மத்தியச் சிறைகளில் சக கைதிகளைக் குறை சொன்னவர்கள் 2 சதவீதம். சிறை ஊழியர்களைச் சொன்னவர்கள் 2.4 சதவீதம். புகாரை வார்டரிடம் கொடு என்பது எத்தனை பேருக்கு வெறும் பேச்சு என்று பாருங்கள்.

ஸ்டீபன் டொனால்ட்சன் ஹெட்போனுக்காகக் காத்திருக்கவில்லை. கம்போடியா மீதான குண்டுவீச்சை எதிர்த்து, 1973இல் வெள்ளை மாளிகையில் நடந்த பிரார்த்தனைப் போராட்டத்தில் கைதானவர் அவர். வாஷிங்டன் சிறையில் இரண்டு இரவுகளில் சுமார் 60 முறை வன்புணர்வுக்கு ஆளானதாக, வெளியே வந்ததும் பத்திரிகையாளர்களைக் கூட்டிச் சொன்னார். 1996இல் எய்ட்ஸ் நோயால் இறந்தார். சிறை வன்புணர்வை ஒழிக்கும் சட்டம் அமெரிக்காவில் வந்தது 2003இல். அதற்கான விதிமுறைகள் வர மேலும் ஒன்பது ஆண்டுகள்.

ஆண்கள் ஏன் சொல்வதில்லை? பாதிக் காரணம் உடலைப் பற்றிய அறியாமை. உயிர்ப்பயம் உச்சத்துக்குப் போகும்போது கைகால் அசையாமல் உறைந்துபோவது விலங்குகளுக்கும் மனிதருக்கும் பொதுவான அனிச்சைச் செயல். பாலுறுப்பின் எழுச்சியும் அப்படித்தான். அச்சத்திலும் வலியிலும்கூட அது நேரலாம். அதற்கும் சம்மதத்துக்கும் சம்பந்தமே இல்லை. இது தெரியாததால் 'ஏன் எதிர்க்கவில்லை?' என்று அதிகாரி கேட்கிறார். அதே கேள்வியைப் பாதிக்கப்பட்டவர் ஆயுள் முழுக்கத் தன்னையே கேட்டுக்கொள்கிறார். போதாததற்குச் சினிமா ஆண்கள் மீதான வன்புணர்வை நகைச்சுவைக் காட்சியாக்கி வைத்திருக்கிறது.

யாருக்கு ஆபத்து என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிட முடியும். அதே கணக்கெடுப்பில், கடும் மன உளைச்சலில் இருந்த சிறைவாசிகளில் 6.3 சதவீதம் பேர் சக கைதிகளால் பாதிக்கப்பட்டதாகச் சொன்னார்கள். மன உளைச்சல் இல்லாதவர்களில் அது 0.7 சதவீதம். இந்த ஆபத்தைத் தடுக்கத்தான் அந்தச் சட்டத்தின் விதிமுறைகள், உள்ளே வந்த 72 மணி நேரத்துக்குள் வயது, உடல்வாகு, முதல் சிறைவாசமா, முன்பே பாதிக்கப்பட்டவரா என்றெல்லாம் பார்த்து, யாரை யாருடன் அடைப்பது என்று முடிவெடுக்கச் சொல்கின்றன. 'உனக்கே பயமாக இருக்கிறதா?' என்பதும் அவற்றில் ஒரு கேள்வி. எனக்கு மிகப் பிடித்த கேள்வி அதுதான். பாதுகாப்பு என்ற பெயரில், பாதிக்கப்பட்டவரையே தனிக்கொட்டடியில் போடும் பழைய பழக்கத்துக்கும் கட்டுப்பாடு வந்தது.

சம்பவம் நடந்துவிட்டால் நேரம்தான் முக்கியம். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மாத்திரைகளை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். அந்த விதிமுறைகளின்படி, பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் காசு வாங்கக் கூடாது. சிறைக்கு வெளியே உள்ள ஓர் அமைப்புக்குப் புகார் சொல்ல வழி இருக்க வேண்டும். வெளியிலிருந்து ஓர் ஆலோசகர் வந்து கூட இருக்கலாம். புகார் செய்தவரை யாரும் பழிவாங்கவில்லையா என்று குறைந்தது 90 நாள் கண்காணிக்க வேண்டும். இவையெல்லாம் ஏட்டில் இருப்பவை. எல்லாச் சிறைகளிலும் அப்படியே நடக்கிறது என்று நான் சொல்லவில்லை.

நம் நாட்டில் வன்புணர்வுச் சட்டம், பாதிக்கப்பட்டவர் பெண் என்றே எழுதப்பட்டிருக்கிறது. வயதுவந்த ஆணுக்கு இருந்த ஒரே பிடி பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அதற்கு ஈடான பிரிவு கிடையாது. அடித்ததற்கு, காயப்படுத்தியதற்கு வழக்குப் போடலாம். வன்புணர்வு என்று போட முடியாது.